டிராக்டர் டியூப்

பஞ்சர் ஒட்டும் சொலூஷன் வாசம் எங்கே அடித்தாலும் கால் தானாக நின்றுவிடும். போன வாரம் திருப்பரங்குன்றத்தில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றது. அந்த வாசத்துக்குள் ஒரு கண்மாய் கிடக்கிறது. இத்தனை வருஷமாகியும் வற்றவில்லை.

அக்கா புருஷனுக்கு அப்போது வேலை போயிருந்தது. மச்சானுக்கு இரண்டே வழி: எழுமலைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிப்பது, இல்லையென்றால் ஊர்க்காரர்கள் பலரையும் போல ஆந்திராவுக்கு முறுக்குக் கடை வேலைக்குப் போவது. அக்காவுக்கு ஏழு மாதம். அவர் போகக் கூடாது, வீட்டில் எல்லோருக்கும் இது ஒன்றுதான் நினைப்பு. மீன் குத்தகைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சொந்த மிதவையோட வந்தா பங்கு. கைய வீசிட்டு வந்தா கூலி." கூலியில் குடும்பம் ஓடாது.

பரிசல் வாங்க வசதியில்லை. மிதவைக்கு டியூப் பார்க்கலாமென்று நானும் மச்சானும் சிம்மக்கல்லில் போய் இறங்கினோம். பழைய டயர் கடை. ஆணிகளிலெல்லாம் கருப்புக் குடலாக டியூப்கள் தொங்கின. கடைக்காரர் இரண்டை எடுத்துக் காற்றடித்தார். ஒன்று லாரி டியூப்; சாக்கை இரண்டு சுற்று சுற்றித் தைத்தது; யாரோ மீனுக்கு வைத்திருந்து விற்றது, நாறியது. மற்றது டிராக்டர் பின்சக்கரத்து டியூப். மொட்டையாக, வழவழவென்று, ஓர் ஆள் படுத்து உறங்கலாம். இரண்டும் ஒரே விலை.

"சாக்குப் போட்டத எடுத்துட்டுப் போங்கண்ணே. கண்மாய்க்கு அதான்."

"அதுல நான் உக்காந்தா மூட்ட மேல மூட்ட வச்ச மாதிரில்ல இருக்கும்," என்றார் மச்சான். கனத்த உடம்பு அவருக்கு. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ள. படிச்சவன்."

நான் பெரியதைக் காட்டினேன்.

கடைத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. உலகத்திலேயே ஓட்டை இல்லை என்பது போல பஸ் கூரையில் ஏற்றினோம்.

அந்தக் கண்மாய் வறண்டு கிடந்த கோடையில் உள்ளே நின்ற கருவேல மரங்களை வெட்டிக் கரி மூட்டம் போட்டது நாங்கள் இரண்டு பேர்தான். அரிவாளைச் சாய்த்து வெட்டிய கட்டைகளை முழங்கால் உயரத்துக்குக் கூராக விட்டு வந்ததும் நாங்கள்தான். பிறகு மழை. தண்ணீர் ஏறியது, அதன்மேல் வானம் வந்து படுத்துக்கொண்டது, வாத்துகள் வந்தன, நாங்கள் தண்ணீரை மட்டும் பார்த்தோம்.

முதல் நாள் காலை. குத்தகைக்காரரின் வலையை வாங்கிக்கொண்டு மச்சான் கையால் துழாவித் துழாவிப் போனார். நன்றாகத்தான் போனார். திடீரென்று ஒரு சீற்றம், பாம்பு மாதிரி. டியூப் ஒரு பக்கம் சூம்பியது. அவர் நீந்திக் கரையேறினார். வலை கட்டைகளில் மாட்டிக் கிழிந்து அங்கேயே நின்றது.

"என்னய்யா, டிராக்டரு உழுது முடிச்சிருச்சா?" கரையிலிருந்து குத்தகைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். எனக்கு வரவில்லை.

ஒட்டுப் போட்டோம். அக்கா வயிற்றைத் தள்ளி வைத்து உட்கார்ந்து, கோணி ஊசியால் உரச் சாக்கை டியூப் முழுக்கச் சுற்றித் தைத்தாள். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு போனால், எங்கள் இடத்தில் வேறொருவன் பரிசலோடு மிதந்துகொண்டிருந்தான். குத்தகைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிழிஞ்ச வலைக்கு நான் ஒண்ணும் கேக்கல. போயிட்டு வாங்க."

அடுத்த வாரம் மச்சானை ஆந்திராவுக்கு பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் மஞ்சள் பை. கடையில் பெரியதைக் காட்டிய அதே கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி உறுமியதும் தலையை வெளியே நீட்டினார்.

"கண்மாய் வத்துனதும் அந்தக் கட்டைகளத் தோண்டி எடுத்துரு மாப்ள. வாரேன்."