எல்லோர் கையிலும் ஒரே தோல் சங்கிலி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இன்று என் வகுப்பு. ஆபீஸ் ஆட்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பிளாக்செயின் புரிய வேண்டுமாம். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து கேட்பாராம்.

அதை விளக்கக் கழிவுத் தோலை வெட்டிச் சங்கிலி செய்திருந்தேன். ஒரு துண்டில் ஒரு நாள் தகவல். ஒரு துண்டை மாற்றினால் அடுத்தது அதன் ஓரத்தோடு பொருந்தாது. எல்லோர் கையிலும் அதே சங்கிலி இருப்பதால், ஒருவர் திருத்தினால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னிக்கு நடந்தது எதனா ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

பசை ஒட்டும் பிரிவின் சூப்பர்வைசர் மேரி சொன்னார்: "எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல மேடம். பசை நாத்தத்துல பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவலி."

எல்லோரும் அதையே எழுதிக் கோத்தார்கள். அப்போது மேனேஜர் வந்து படித்தார்.

"இன்னாம்மா இது, பையர் வர்ற நேரத்துல? மாத்து."

"மாத்த முடியாது சார். எல்லாரும் ஒண்ணா சேர்ந்து மாத்தினாதான் உண்டு" என்றேன் பெருமையாக.

மேனேஜர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் மாத்திடுங்கப்பா."

கத்தரிகள் ஓடின. நான் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாச் சங்கிலியிலும் ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மேரியின் சங்கிலியிலும்தான்.

"எல்லாம் மேட்ச் ஆவுது. கரெக்டா மேடம்?" என்று மேரியே கேட்டார். கரெக்ட் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மேனேஜருக்கு மனம் நிறைந்துவிட்டது. "நல்ல டெக்னாலஜிம்மா. இத்தினி நாளா ஒரு ரிஜிஸ்டர்ல ஒண்ணு இருக்கும், இன்னொண்ணுல வேற இருக்கும், ஆடிட்ல மாட்டிக்குவோம். இனிமே பேஜாரே இல்ல."

ஃபேன் இன்னும் ஓடவில்லை. ஆம்பூர் பக்கம் நல்ல எலெக்ட்ரீஷியன் யாரையாவது தெரிந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். பிளாக்செயின் தெரியாதவராக இருந்தால் நல்லது.