மாப்ளேக்குப் பேரென்ன?

சுருளியைப் பார்க்கவேண்டுமென்றால் திங்கட்கிழமை காலையில் என் டீக்கடைக்கு வாருங்கள். போடியில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடை. உள்ளே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இந்தப் பெஞ்சில்தான் உட்காருவான். மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவன், அதிர்ந்துகூடப் பேசாதவன். அவன்மேல்தான் கொலைச் சந்தேகம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது இதுதான். போடிமெட்டு மலைச்சாலைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு பிணம் கிடந்தது. மழையில் ஊறி முகமே தெரியவில்லை. சட்டைக் காலரில் மட்டும் போடி தையல் கடையின் பெயர் பொறித்த பட்டி இருந்தது. தையல்காரர் பார்த்துவிட்டு, பக்கத்துச் சிலமலை ஊர்ச் சுருளிக்குத் தைத்தது என்றார். சுருளியின் போனோ மலையில் சிக்னல் இல்லாமல் கிடந்தது. அவன் பெண்சாதி அன்னக்கொடியை அழைத்து வந்தார்கள். அந்தச் சட்டையின் இரண்டாவது பொத்தானைச் சிவப்பு நூலில் தைத்தவளே அவள்தான். பார்த்த மாத்திரத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதற்குமேல் மலைக்கு ஆள் அனுப்பி விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் ஒரு பல்லையும் எலும்புத் துண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு உடலைக் கொடுத்தார். புதைத்தார்கள், கருமாதி முடித்தார்கள், தாலியையும் கழற்றினார்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் சுருளி ஜீப்பிலிருந்து இறங்கி, தன் கண்ணீர் அஞ்சலி பேனரைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

சந்தோஷப்படவேண்டியதுதானே? பட்டார்கள், அரைநாள். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"செத்தது நீ இல்லைன்னா, ஒன் சட்டைக்குள்ள இருந்தது யாருய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்கூட ஒரே ரூம்ல இருந்த மாப்ளேங்கய்யா. ஊருக்குப் போறேன்னுச்சு. நல்ல சட்டை இல்ல. நாந்தேன் போட்டுட்டுப் போன்னு குடுத்தேன்."

"எந்த வகையில மாப்ளே? தங்கச்சி புருசனா?"

"சும்மா கூப்புடுறதுதேன். நான் மாப்ளேம்பேன், அது என்னைய மாமாம்பும்."

"பேரு?"

"மாப்ளேன்னாத்தேன் தெரியுங்கய்யா."

"ஊரு?"

"கீழங்கய்யா."

மலையில் இருப்பவனுக்கு எந்த ஊரானாலும் கீழேதானே! எஸ்டேட்டில் போய் விசாரித்தார்கள். கங்காணிக்கும் அவன் மாப்ளேதான். கூடவே படுத்திருக்கிறவன் போன் நம்பரை எவன் எழுதிவைப்பான்? "சேந்து கஞ்சி குடிச்சவன் பேரு தெரியாதாம், கதை விடுறான்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மட்டும் தெரியுமா? என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அண்ணே, மீதிப்பேர் அப்பு.

வழுக்கி விழுந்தானா, யாரும் தள்ளிவிட்டார்களா என்று டாக்டராலும் சொல்லமுடியவில்லை. செத்தவன் யாரென்று தெரியும்வரை சுருளி ஊரைவிட்டு நகரக்கூடாது. எஸ்டேட்டில், கேசு முடியட்டும், அப்புறம் மேலே வா என்றுவிட்டார்கள். அன்னக்கொடியின் அண்ணன்மாரும் அதையே சொன்னார்கள்: கேசு முடியட்டும், அப்புறம் திரும்பத் தாலி கட்டிக்கலாம், அதுவரைக்கும் வீட்டுக்குள்ள காலை வைக்காதே. பஸ் ஸ்டாண்டில் லோடு இறக்கி, அங்கேயே படுத்துக்கொள்கிறான். அன்னக்கொடி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வெரசா முடிச்சுப்புட்டு வாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். முடிப்பது இவன் கையிலா இருக்கிறது, பாவம்!

ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு நினைவு வந்தது. மாப்ளே சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று போனில், "நிலா, சாப்ட்டியா ஆத்தா?" என்று கேட்பானாம். அதையும், இடது காலில் பழைய எலும்பு முறிவு என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துப் பேப்பரில் போட்டார்கள். போன திங்கட்கிழமை விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். நிலா.

டாக்டர் எடுத்துவைத்த பல்லோடு ஒத்துப் பார்க்க அவள் ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். பொருந்தினால் செத்தவனுக்குப் பேர் கிடைத்துவிடும், சுருளியை விட்டுவிடுவோம் என்று இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்குக் காசில்லாமல் ஒரு வடை வைத்தேன்.

அப்போது அந்தப் பெண் ரோட்டைத் தாண்டி வந்து பெஞ்சின் முன்னால் நின்றாள்.

"நீங்கதான் மாமாவா?"

சுருளி எழுந்துவிட்டான்.

"மாமா கூட இருக்கேன், மாமா நல்லா சமைக்கிறாருன்னு அப்பா போன்ல சொல்லும். சொந்தக்காரங்க யாரோன்னு நெனச்சு நாங்க தேடவே இல்ல."

"ஒங்கப்பா பேரு என்ன ஆத்தா?"

"சீனிச்சாமி."

சுருளி அந்தப் பெயரை ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலு ஒடஞ்சவங்க எத்தனையோ பேரு இருப்பாங்க. அது எங்கப்பாவா இருக்காது. ரத்தம் பொருந்தக் கூடாதுன்னு நீங்களும் சாமிகிட்ட வேண்டிக்கங்க மாமா."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேண்டிக்கிறேன் ஆத்தா" என்றான் சுருளி.