பின்கண்ணாடி ரப்பர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிய செல்லக்கண்ணுவுக்கு அந்தக் கறுப்பு அம்பாசிடர்தான் சோறு போட்டது. பழைய வண்டிதான். ஆனாலும் கல்யாணம் என்றால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். ஒரே குறை, பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. மழை வந்தால் பின்சீட்டில் சொட்டும். மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்றே நாள் போனது.

எழுபத்தேழு ஐப்பசியில் அரும்பாவூர் அய்யாக்கண்ணுவின் மனைவி திருச்சி ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் இறந்துபோனாள். பிணத்தை ஏற்ற எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. அங்கே ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பக் கிளம்பிய செல்லக்கண்ணுவின் முன்னால் வந்து அய்யாக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான். மறுக்க மனம் வரவில்லை. வழியெல்லாம் மழை. ரப்பர் வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மடியில் கிடந்தவளின் முகத்தில் விழாமல், அய்யாக்கண்ணு துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். ரப்பரை மாற்றாமல் விட்டதை நினைத்துச் செல்லக்கண்ணு கூசிப்போனார்.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பெண் வீட்டுக்குச் சவாரி போனார். கார் கதவைத் திறந்த பெண்ணின் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதானே பொணம் ஏத்துன காரு? வாடை இன்னும் போவலியே. ஏறாதீங்கடி யாரும்!"

நனைந்த சீட்டின் முடைநாற்றம்தான் அது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டார். பினாயில் ஊற்றிக் கழுவினார். பினாயில் வாடையோ ஆஸ்பத்திரியை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தது. கடைசியில் மெக்கானிக் ராசாங்கத்திடம் வண்டியை விட்டார்.

பழைய ரப்பரை அறுத்தெடுத்தால் அடியில் துருவும் சேறும். சுரண்டி பெயிண்ட் அடித்தார்கள். புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் பள்ளத்தில் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். ராசாங்கம் வெளியிலிருந்து அழுத்த, செல்லக்கண்ணு உள்ளேயிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ரப்பரின் விளிம்பு தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. கதவு ரப்பர்களும் மாறின. கண்ணாடி ஓரத்து நிக்கல் பட்டி பளபளத்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஈரமே இல்லை.

"இனிமே ஒரு வாடையும் வராதுண்ணே," என்றான் ராசாங்கம்.

வாடை போனது, பேர் போகவில்லை. ஸ்டாண்டில் அவருக்குப் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் சவாரி போயின. விற்கலாமென்றாலும் வாங்க ஆளில்லை. பிறகு ஒருநாள் கீழப்பழுவூரிலிருந்து ஒருவர் வந்து, "நீங்கதான் ஏத்துவீங்கன்னு சொன்னாங்க," என்று தேம்பினார். செல்லக்கண்ணு முடியாதென்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை எடுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தார்கள்.

சும்மா நிற்கும் நாளெல்லாம் துணியில் கிளிசரின் தொட்டு ரப்பரைத் துடைப்பார்.

"எந்த மகராசன் ஏறப்போறான்னு இந்தத் தொடை தொடைக்கிறீங்க?" என்பாள் மனைவி காத்தாயி.

"காஞ்சா வெடிச்சுரும்," என்பார்.

எண்பத்துநாலில் மகள் சிந்தாமணிக்கு வரதராஜன்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. "பொண்ண அந்தக் காருல மட்டும் அனுப்பாதீங்க," என்று சம்பந்தி வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வேறு கார் வந்தது. பெண் ஏறும்போது செல்லக்கண்ணு பார்த்தார்: கதவு ரப்பர் பிதுங்கித் தொங்கியது. மூடினால் நசுங்கிக் கிழிந்துவிடும். குனிந்து கட்டைவிரலால் அதைப் பள்ளத்தில் அழுத்தத் தொடங்கினார்.

"அவரு கை வெக்க வேணாம்னு சொல்லுங்க," என்றாள் மாப்பிள்ளையின் பெரியம்மா. "நல்ல காரியத்துக்குப் போற வண்டி."

செல்லக்கண்ணு கையை எடுத்துக்கொண்டார். சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். கார் ஜெயங்கொண்டம் ரோட்டில் திரும்பி மறையும்வரை காத்தாயி மட்டும் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஒரு ஆள் அழுதுகொண்டு நின்றான். செல்லக்கண்ணு எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.