பள்ளி நாள்களில் மட்டும் வந்த வயிற்றுவலி

ஒத்தக்கடையில் குடியிருந்துகொண்டு, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவதால் அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும். டாக்டர் அல்சர் என்று மாத்திரை தந்து, வெறும் வயிற்றோடு போகாமல் பாலாவது குடிக்கச் சொன்னார். எரிச்சல் குறைந்தது. ஆனால் பஸ் மேலூரைத் தாண்டுவதற்குள் வயிறு உப்பி வலிக்கும். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. எண்டாஸ்கோப்பியிலும் ஒன்றும் தெரியவில்லை.

"லீவு நாள்ல நல்லாத்தான இருக்க? வேலை பிடிக்கலைன்னா விட்டுரு" என்றார் கணவர். எனக்கே அப்படித்தானோ என்று தோன்றியது. ராஜினாமா கடிதம்கூட எழுதிவிட்டேன்.

அதைக் கொடுக்கும் முன், கே.கே. நகரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன்.

"லீவு நாள்ல காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"இட்லி, கடுங்காப்பி."

"ஸ்கூலுக்குப் போற அன்னைக்கு?"

"ஒரு பெரிய டம்ளர் பால் மட்டும்தான்" என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

இரண்டு வாரம் பாலை நிறுத்தச் சொன்னார். வலி நின்றது. மறுபடி குடித்துப் பார்த்தபோது திரும்பி வந்தது. பால் செரிக்காத உடம்பு என்றார் டாக்டர்.

"தெனமும் நாந்தான காய்ச்சிக் குடுத்தேன்!" என்று கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் போகும்போது, என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று ஒரு வாரக் கணக்கை எழுதி எடுத்துப் போகிறேன். அவர் கேட்காவிட்டாலும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.