ஆடிக் கிருத்திகையில் ஒரு கறுப்புப் புட்டி

ஆடிக் கிருத்திகை அன்று சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். போன ஆடியில் நான் போனேன். சாமி கும்பிட அல்ல; தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துக்கொண்டு.

புட்டியில் மை போன்ற கறுப்புத் திரவம். டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த, சில அணுக்களே கனமுள்ள தகடுகள் அதில் மிதக்கும். அவற்றின் இடுக்குகளில் அயனிகள் சட்டென்று புகுந்து வெளியேறுவதால், நொடிகளில் சார்ஜ் ஏறும் மின்தேக்கிகளுக்கு உதவும். வெளியே வைத்தால் சில நாட்களில் வெளுத்துக் கெட்டுவிடும். திருப்பதி ஆய்வகம் ஒன்றில் மதியம் இரண்டு மணிக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் படம் கிடைத்தால்தான் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வரும். அதை நம்பித்தான் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க இருந்தேன்.

"அன்னைக்குக் கிருத்திகை சார், திருத்தணி ஊருக்குள்ள பஸ் வராது," என்று எங்கள் ஆய்வகப் பேராசிரியரிடம் சொன்னேன்.

"உங்க ஊர்தானே, சமாளிச்சிடுவே," என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். மறுமுறை சொல்ல வாய் வரவில்லை.

சென்ட்ரலில் எட்டரைக்குப் புறநகர் ரயில். திருத்தணி வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல், காவடிக் கூட்டத்தில் நின்றபடியே. நிலையத்துக்கு வெளியே தெருவெல்லாம் மஞ்சள் துணி. திருப்பதி பஸ் எங்கே என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"திருப்பதிக்கா? இன்னைக்கு முருகரே நடந்துதாம்மா வரணும். பைபாஸாண்ட பஸ் நிக்குது. கூட்டத்தோட நடந்துகினே போ."

நான்கு கிலோமீட்டர் இருக்கும். வழியில் பூக்காவடி எடுத்த ஒருவர் என் பெட்டியைப் பார்த்து நின்றார்.

"யம்மா, குச்சி ஐஸ் எவ்ளோ?"

"ஐஸ் இல்லைங்க, காலேஜ் வேலை."

"ஆங், காலேஜ் படிச்சிட்டா ஐஸ் விக்கிற?"

கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கூட்டத்தோடு ஊர்ந்து போய்ப் பஸ் கிடைத்தபோது ஒன்றரை. திருப்பதி சேர்ந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. நுண்ணோக்கியில் வேறொருவரின் மாதிரி ஏறியிருந்தது. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

போனில் பேராசிரியர், "உங்க ஊர்தானே, முன்னாடியே யோசிக்க வேணாமா?" என்றார். அடுத்த மாதம் புதிதாகத் தயாரித்த திரவத்தோடு இன்னொரு மாணவர் பேராசிரியரின் காரிலேயே போய்ப் படம் எடுத்து வந்தார். கட்டுரையில் அந்த மாணவர் பெயர் இருக்கிறது.

கிருத்திகை அன்று நீங்கள் திருத்தணியில் இறங்காதீர்கள். காலையில் திருப்பதிக்கே நேர் ரயில் உண்டு. என் கையில் புட்டி வந்தபோது அது போய்விட்டிருந்தது. பெட்டியின் மேல் உள்ளே இருப்பதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

புட்டி என் மேசையில்தான் இருக்கிறது. கறுப்பெல்லாம் போய் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. "இதை ஏன் இன்னும் கொட்டலை?" என்று போன வாரம் பேராசிரியர் கேட்டார்.

"அடுத்த கிருத்திகை வரைக்கும் இருக்கட்டும் சார், முன்னாடியே யோசிக்க உதவும்," என்றேன். ஆய்வகத்தில் எல்லாருக்கும் கேட்டது.