சுவரைச் சுற்றிய தூரம்

கல்வி அலுவலகத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் ஒதுக்குவது அவள் வேலை. வரைபடத்தில் கோடு இழுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அவளோ வாசலுக்கு வாசல் நடந்தே அளப்பாள். "குழந்தை என்ன காக்காவா, பறந்து போக?" என்று எரிந்து விழுவாள். அலுவலகத்தில் அவளுக்கு நடைராணி என்று பட்டப்பெயர்.

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததல்ல. சிறுவயதில் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அவள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு சந்துதான். குடியிருப்புப் பிள்ளைகள் அவ்வழியே வருவது பிடிக்காமல், தலைமையாசிரியர் சந்தின் குறுக்கே சுவர் எழுப்பினார். ஊரைச் சுற்றி ஓடிவந்து தாமதமானவளை, தினமும் வெயிலில் நிற்கவைத்தார்.

இன்று அதே மனிதர் அவள் மேசை முன் நின்றார். அவள் நாற்காலியைக் காட்டவில்லை. குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது அவர் மகனின் மாடி வீடு. பேத்திக்கோ தூரத்துப் பள்ளி விழுந்திருந்தது.

"ஸ்கூல் எங்க வீட்டுக்குப் பின்னாடியே இருக்கும்மா. மணி அடிச்சா கேக்குது!"

"எனக்கும் கேட்டுச்சு சார். ஆனா சுத்திதான் வரணும். நானே நடந்து அளந்தேன். உங்களவிட கிட்டத்துல இருக்கற பிள்ளைங்களுக்கே இடம் தீந்துபோச்சு."

"அந்தச் சுவர் மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பாப்பாவ காலையில சீக்கிரமே கிளப்பி விடுங்க சார்," என்றாள். "லேட்டா போனா வெயில்ல நிக்க வெச்சிடுவாங்க."