சரிவு தேடும் பாஸ்கல்

சரிவு கண்ணில் படும்வரை பாஸ்கல் வண்டியை நிறுத்துவதில்லை. ஜவுளிக்கடை வாசலில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சமதரை. ஆகவே கடையைக் கடந்து, இரண்டு தெரு தள்ளி, ஏரிக்கரை இறக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இறங்கியதும், இடப்பக்க இருக்கையின் காலடியிலிருந்து தேங்காய் அளவுள்ள கருங்கல் ஒன்றை எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறார். கைபிரேக் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பிறகு கடைக்கு நடந்தே வருகிறார். ஆவடி முதல் பூந்தமல்லி வரை எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மழைநீருக்கு அடுத்தபடியாக அறிந்தவர் அவர்தாம்.

இத்தனைக்கும் அவர் மெக்கானிக். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் தகரக் கொட்டகை. வயது ஐம்பத்து மூன்று. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பிளக் துடைக்கும் பழைய பல் பிரஷ். ஊரார் வண்டிகளெல்லாம் அவர் கைபட்டால் ஒரே திருகலில் கிளம்பும். அவருடைய முப்பத்தைந்து வயதுப் பியட் மட்டும் கிளம்பாது. அதை அவர் அஃறிணையாகக் கருதுவதும் இல்லை. “அவளுக்கு ஒடம்பு நல்லாத்தான் கீது. எழுந்திருக்கத்தான் சோம்பல்” என்பார்.

சோம்பலுக்குக் காரணம் கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டவேண்டிய அது, தேய்ந்துபோய், ஒருநாள் அளவுமீறிக் கொட்டும். மறுநாள் பட்டினி போடும். சாவியைத் திருகித் திருகி பேட்டரிதான் ஓயும். சரிவில் உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால்தான் என்ஜினுக்கு உயிர் வரும்.

சென்ற ஆண்டு திருநின்றவூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசல் தாம்பாளம் போன்ற சமதரை. வேறு வழியின்றி அவர் மனைவி ஜெயசீலியும் பட்டுப்புடவையோடு தள்ள நேர்ந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் தள்ளலுக்கு ஏற்பத் தாளம் தட்டினார்கள். வண்டி உயிர்பெற்றபோது புகை முழுவதும் மயில்கழுத்துப் பட்டில் படிந்தது.

“நாலு பேரு சேந்தாத்தான் கெளம்பும்னா அதுக்குப் பேரு காரா? அதுக்கு வேற பேருய்யா!” என்று நடுவீதியில் கேட்டார் ஜெயசீலி. “தள்ளாம எடுத்துகினு வா. அன்னிக்கு ஏறுறேன்.” சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் பூசைக்கு ஜெயசீலி பஸ்ஸில் போகிறார். அதே பஸ்ஸின் பின்னால், முன்னிருக்கையைக் காலியாக விட்டு, கல்லை மட்டும் ஏற்றிக்கொண்டு பாஸ்கலின் பியட் போகிறது. பஸ்ஸின் கடைசி ஜன்னலிலிருந்து, டிக்கெட் எடுத்தவருக்கே உரிய மிடுக்குடன் அவர் திரும்பிப் பார்ப்பார். பாஸ்கல் ஹாரன் அடிப்பார். பதினான்கு மாதம் இப்படியே கழிந்தது. வண்டி ஓடியதே தவிர, அதில் வரவேண்டியவர் வரவில்லை. பாஸ்கலுக்கு அது பொறுக்கவில்லை.

கார்புரேட்டருக்கு வைத்தியம் பார்த்தது போதும் என்று அதையே கழற்றி எறிந்தார். விபத்தில் நசுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றின் இஞ்செக்‌ஷன் அமைப்பைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்தார். பெட்ரோலை அளந்து பீச்சும் கருவி, அதற்குக் கட்டளையிடும் கம்ப்யூட்டர் பெட்டி, ஒரு கூடை வயர். இவற்றைப் பழைய என்ஜினோடு பொருத்துவதற்கான அலுமினியத் தகட்டை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் நண்பர் சுலைமான் கடைந்து கொடுத்தார்.

“இன்னா மாமே, கெழவிக்கு ஊசி போடப் போறியா?”

“போட்டாத்தான் மாமே எழுந்திருப்பா!”

எழுந்துவிட்டாள்; ஆனால் கரும்புகை கக்கினாள். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டிகள் சாம்பல் நிறமாயின. பாஸ்கல் இரண்டு நாள் வயர் வயராகத் தடவினார். மூன்றாம் நாள் காலை, கொட்டகையிலிருந்து எழுந்த சிரிப்பைக் கேட்டு சுலைமான் ஓடிவந்தபோது, பாஸ்கல் பழைய டயரின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணிச் சூடு சொல்ற கம்பி தொட்டுக்கவே இல்ல மாமே! பெட்டிக்கு இன்னா தெரியும்? பனி கொட்ற ஊர்ல கீறோம்னு நெனச்சுகினு, குளிருக்கு எதமா பெட்ரோல அள்ளி அள்ளி ஊத்திக்கீது. மே மாசத்துல! அம்பத்தூர்ல!”

கம்பியை இறுக்கிவிட்டு, பெட்டியைச் செல்லமாகத் தட்டினார். “நைனா, இது கள்ளிக்குப்பம்.” புகை நின்றது.

வந்த ஞாயிறு திருநின்றவூரில் ஜெயசீலியின் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். பாஸ்கல் வண்டியைத் தெருவிலேயே தாழ்ந்த இடத்தில், குழாயடிப் பள்ளத்தில், மேட்டைப் பார்க்க நிறுத்தினார். பஸ்ஸுக்குப் புறப்பட்ட ஜெயசீலியிடம் சாவியை நீட்டினார். “நீயே திருகு.”

அவர் ஜன்னல் வழியே கையை விட்டுத் திருகினார். என்ஜின் உடனே முனகத் தொடங்கியது. அணைத்தார். மீண்டும் திருகினார். மீண்டும் முனகியது. மூன்றாம் முறையும் அது முனகவே, வண்டியைச் சுற்றிவந்து பின்புறம் எட்டிப் பார்த்தார். “யாருய்யா பின்னால தள்ளுறது?” அங்கே ஒரு நாய் மட்டும் நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். காலில் கல் இடித்தது.

“இது இன்னும் எதுக்கு?”

“இருந்துட்டுப் போவட்டுமே” என்றார் பாஸ்கல், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பட்டாபிராம் ரயில் கேட் மூடியிருந்தது. பியட்டை வாங்கிய நாள்முதல் மூடிய கேட்டில் பாஸ்கல் என்ஜினை அணைத்ததே இல்லை. அது சமதரை, பின்னால் லாரிகளும் பஸ்களும் வந்து நெருக்கிவிடும். ஜெயசீலி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கல் சாவியைத் திருப்பினார். வண்டி அடங்கியது.

“கெளம்பலேன்னா பின்னாடியே பஸ்ஸு நிக்கிது. நா போயிகினே இருப்பேன்.”

பாஸ்கல் கேட் திறக்கும் முன்பே இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஜெயசீலியின் காலடியிலிருந்த கல்லை இரண்டு கைகளாலும் எடுத்து, இறங்கவேண்டிய இடம் வந்துவிட்ட பயணியை இறக்கிவிடுவதைப் போல, சாலையோரப் புல்லில் மெல்ல வைத்தார்.